உப்புக் காற்றில் ஐஃபோன்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பாம்பனில் விசைப்படகு வைத்திருக்கிறேன். ஐந்து ஆண்டுகளாக ஆண்ட்ராய்டு செல்பேசிதான். மதுரையில் பொறியியல் படிக்கும் மகள், “இந்தத் தடவை ஐஃபோன் வாங்கிடுங்கப்பா, பத்து வருசம் உழைக்கும், தண்ணியில விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது, கடல்ல டவர் இல்லாட்டியும் சாட்டிலைட்ல மெசேஜ் போகும்” என்கிறாள். ஏலக் கணக்கு, கம்பெனிக்காரர்களுடன் பேச்சு, பணம் வாங்குவது, கொடுப்பது எல்லாம் செல்பேசியில்தான். அதைக் கடலுக்கும் கொண்டு போகிறேன். மாறலாமா?
(படகு உரிமையாளர், பாம்பன்)

பதில்: மகள் சொன்ன மூன்றில் கடைசியானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதை நம்பிக் கடலுக்குப் போவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 2022-இல் வந்த ஐஃபோன் 14 முதல், டவர் கிடைக்காத இடத்திலிருந்து செயற்கைக்கோள் வழியாக அவசர உதவி கேட்கும் வசதி இருப்பது உண்மைதான். ஆனால் ஆப்பிள் அதைச் சில நாடுகளில் மட்டுமே திறந்துவிட்டிருக்கிறது. இதை எழுதும் நாள் வரை அவற்றில் இந்தியா இல்லை. இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் இரண்டு வகைச் செல்பேசிகளிலும் சிம் இல்லாமலே வேலை செய்வதால்தான் இந்தக் குழப்பம் பலருக்கு வருகிறது என்று நினைக்கிறேன். ஜிபிஎஸ்ஸில் செயற்கைக்கோள் பேசுவதைச் செல்பேசி கேட்கிறது, அவ்வளவுதான். செல்பேசி பேசுவது மேலே போவதில்லை. கடலிலிருந்து கரைக்குச் செய்தி சொல்ல வேண்டுமானால், இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் தயாராகி நம் விசைப்படகுகளில் பொருத்தப்பட்டுவரும், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டரும், விஎச்எஃப் என்ற கம்பியில்லாப் பேச்சுக் கருவியின் 16-ஆம் அலைவரிசையும்தான் நம்பத் தகுந்தவை. டவர் எட்டும் தூரத்தில் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணை எந்தச் செல்பேசியிலிருந்தும் அழைக்கலாம்.

அந்த டிரான்ஸ்பாண்டரில் வரும் செய்தியைப் படிக்கவும் பதில் அனுப்பவும் செல்பேசியில் ஒரு செயலி தேவைப்படுகிறது. மீனவர்களுக்கென்று உருவான செயலிகள் ஆண்ட்ராய்டை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை, எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபிஷர் ஃப்ரெண்ட் அப்படி வந்ததுதான். ஆகவே காசு கொடுப்பதற்கு முன் மகளின் தோழிகள் யாரிடமாவது உள்ள ஐஃபோனை அரை மணி நேரம் இரவல் வாங்கி, நீங்கள் படகில் பயன்படுத்தும் ஒவ்வொரு செயலியின் பெயரையும் ஆப் ஸ்டோரில் தேடிப் பாருங்கள். காற்று, அலை, எல்லைக்கோடு என்று கடலுக்குத் தேவையானவற்றில் ஒன்று கிடைக்காவிட்டாலும், இலங்கையுடனான 1974 ஒப்பந்தம் வரைந்த கோட்டுக்குப் பக்கத்தில் தொழில் செய்யும் உங்களுக்கு மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். தூசும் தண்ணீரும் புகாமல் தாங்குவதற்கான ஐபி68 என்ற தரக்குறியை ஐஃபோனிலும் விலை உயர்ந்த ஆண்ட்ராய்டுகளிலும் பார்க்கலாம். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்யப்படுவது. கடல்நீர் அதில் சேர்த்தியில்லை. செல்பேசிக்குள் ஈரம் புகுந்துவிட்டால், அது எந்தத் தரக்குறி பெற்றதாக இருந்தாலும், ஆப்பிளின் ஓராண்டு உத்தரவாதம் அதற்குப் பொருந்தாது. சிம் தட்டை வெளியே இழுத்துவிட்டு, அந்தத் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு சிறு வெள்ளைப் பொட்டு தெரியும். ஈரம் பட்டால் அது சிவந்துவிடும். சேவை மையத்தில் முதலில் பார்ப்பது அதைத்தான். உண்மையில் நம் ஊரில் செல்பேசியைக் கெடுப்பது தண்ணீரில் விழுவதைவிடக் காற்றுதான். சென்ற வாடைக் காலத்தில் தனுஷ்கோடிச் சாலையில் வண்டியின் முன்பையில் கிடந்த என்னுடைய ஆண்ட்ராய்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமலே சார்ஜ் ஏறாமல் நின்றுவிட்டது. இராமநாதபுரத்தில் பழுது பார்க்கும் தம்பி அதைப் பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் வைத்து எனக்கும் காட்டினார்: செப்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறுவதுபோல, சார்ஜ் துளையின் ஊசிகள் பச்சை பூத்திருந்தன. பழைய பல்துலக்கியில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். சரிவராததால் சார்ஜிங் போர்டை மட்டும் மாற்றி, 600 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் கையில் கொடுத்துவிட்டார். அதே கோளாறு ஐஃபோனில் வந்தால், நிறுவன அங்கீகாரம் பெற்ற மையம் உங்களுக்கு எங்கே இருக்கிறது, அதற்காகப் பாம்பன் பாலத்தைத் தாண்டி எத்தனை முறை பேருந்து ஏற வேண்டும், அத்தனை நாளும் ஏலக் கணக்கை எதில் பார்ப்பது என்பதை விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். திரை, பேட்டரி போன்றவை கெட்டு, வெளிக்கடையில் வேறு உதிரிபாகம் போட்டுவிடலாம் என்றால், அமைப்புகள் பகுதியிலேயே ‘அறியப்படாத பாகம்’ என்று எழுதிக் காட்டிவிடும். பிறகு விற்கும்போது விலை இறங்கும்.

உழைப்பைப் பற்றி மகள் சொன்னதில் பாதி சரி. 2018-இல் வந்த ஐஃபோன் எக்ஸ்எஸ் 2024-இன் ஐஓஎஸ் 18 (ஐஓஎஸ் என்பது ஐஃபோனை இயக்கும் மென்பொருள்) வரைக்கும் புதுப்பிப்பு பெற்றது. அதன் பிறகும் கருவி ஓடும் என்றாலும், பத்தாண்டு என்பது பாசத்தில் சொன்ன கணக்கு. ஆண்ட்ராய்டிலும் நிலைமை பழையபடி இல்லை: 2023-இல் கூகுளின் பிக்சல் 8-க்கும் 2024-இல் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழாண்டுப் புதுப்பிப்பு உறுதி கொடுத்தார்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டுகளுக்கு இது பொருந்தாது என்பதால், பெட்டியை வாங்குமுன் எத்தனை ஆண்டு என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

ஐஃபோன் பக்கம் ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். கயிறு இழுத்துக் காய்ப்பேறிய விரலில் ரேகை தேய்ந்து, ரேஷன் கடைக் கருவி பல தடவை அழுத்தச் சொல்வதை நம் பகுதியில் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். ஈரத்தில் ஊறிய விரலைச் செல்பேசியும் அப்படித்தான் திருப்பி அனுப்புகிறது. ஐஃபோன் முகத்தைப் பார்த்துத் திறக்கிறது, விடியலுக்கு முந்தைய இருட்டிலும் திறக்கிறது. இது சின்ன விஷயம் இல்லை. இருந்தாலும் திரையில் உப்புநீர் தெறித்திருந்தால் தொடுதல் தடுமாறுவது இரண்டிலும் ஒன்றுதான், உப்புநீர் மின்சாரம் கடத்தும் என்பதால். வியாபாரப் பேச்சைப் பதிவு செய்யும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், ஐஃபோனில் 2024-இன் ஐஓஎஸ் 18.1-இலிருந்துதான் அந்த வசதி வந்தது என்பதையும், பதிவு தொடங்குவது மறுமுனையில் இருப்பவருக்கும் கேட்கும்படி அறிவிக்கப்படும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

என் முடிவு: மாற வேண்டாம். புதுப்பிப்பு உறுதி நீளமாக உள்ள ஆண்ட்ராய்டு ஒன்றைக் கரைக்கு வாங்கிக்கொண்டு, இப்போது இருப்பதை நீர்புகாத உறையில் போட்டுப் படகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எதை வாங்கினாலும் அதை மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15-க்கும் ஜூன் 14-க்கும் இடையில் செய்யுங்கள். செல்பேசி மாறியதும் யுபிஐ செயலியை மறுபடி பதிவு செய்ய வேண்டும். முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. ஐஃபோனாக இருந்தால் சில வங்கிகள் அதை 72 மணி நேரம் வரை நீட்டிக்கின்றன. டீசலும் ஐஸும் ஏற்ற வேண்டிய நாளில் இதில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

கேள்வி: துபாயில் இருக்கும் மகன், அடுத்த மாதம் வரும்போது தன்னுடைய ஐஃபோனை எனக்குத் தந்துவிடுவதாகச் சொல்கிறான்; அவன் அங்கேயே ஐஃபோன் 17 வாங்கிக்கொள்வானாம். “ஃபேஸ்டைம்ல முகம் பார்த்துப் பேசலாம் உம்மா” என்கிறான். என் ஆண்ட்ராய்டில், மூன்று ஆண்டுகளுக்கு முன் மவுத்தான என் கணவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்திகள் இருக்கின்றன. அவை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
(வாசகி, கீழக்கரை)

பதில்: சகோதரி, குரல் செய்திகளைப் பற்றி மட்டும் கேட்டிருந்தாலும் போதும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். உங்கள் செல்பேசியின் காப்பு (பேக்கப்) கூகுளில் இருக்கிறது. ஐஃபோனின் வாட்ஸ்அப் அந்தக் காப்பைப் படிக்காது. ‘எல்லாம் கூகுளில் இருக்கிறது, புதுசில் இறக்கிக்கொள்ளலாம்’ என்று யாராவது சொல்லி, பழையதை அழிக்க விட்டுவிடாதீர்கள். 2022 முதல் இதற்கு நேர்வழி உண்டு. ஆண்ட்ராய்டில் ‘மூவ் டு ஐஓஎஸ்’ என்ற செயலியைப் போட்டு, ஐஃபோன் திரையில் தோன்றும் எண்ணை அதில் இட்டு, மாற்ற வேண்டியவற்றில் வாட்ஸ்அப்பையும் தேர்வு செய்தால், அரட்டைகள் குரலோடும் படத்தோடும் வந்துவிடும். இரண்டிலும் அதே தொலைபேசி எண் இருக்க வேண்டும், இரண்டும் சார்ஜில் இருக்க வேண்டும். முக்கியமாக, ஐஃபோன் புத்தம் புதியதாகவோ முழுவதும் அழிக்கப்பட்டதாகவோ இருக்க வேண்டும். மகன் பயன்படுத்தியது என்பதால், அவர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, தொலைந்த கருவியைத் தேட உதவும் ‘ஃபைண்ட் மை’ வசதியை அணைத்து, கருவியை அழித்துத் தர வேண்டும். அதை மறந்துவிட்டு அவர் விமானம் ஏறிவிட்டால், உங்கள் கையில் இருப்பது அவருடைய கடவுச்சொல்லைக் கேட்கும் பூட்டிய பெட்டி.

அந்த வழியையும் நான் முழுதாக நம்பச் சொல்ல மாட்டேன். மாற்றத் தொடங்குவதற்கு முன், ஆண்ட்ராய்டை ஒரு கணினியில் இணைத்து, வாட்ஸ்அப்பின் மீடியா கோப்புறைக்குள் ‘வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்’ என்று இருப்பதை அப்படியே ஒரு பென் டிரைவிலும் இன்னொரு இடத்திலும் நகலெடுக்கச் சொல்லுங்கள். அதில் கோப்புகள் பெயரில்லாமல் தேதியும் எண்ணுமாகக் கிடக்கும். எது யாருடைய குரல் என்று திறந்துதான் பார்க்க வேண்டும். கணவருடைய செய்திகளை மட்டும் தனியே பிரித்து வைக்க, உங்களோடு உட்கார்ந்து கேட்கும் ஒருவரும் ஒரு மாலை நேரமும் வேண்டும். அரட்டைகள் மாறிய பிறகும் பழைய செல்பேசியில் உள்ளவை நீங்களாக அழிக்கும்வரை அங்கேயே இருக்கும். ஓராண்டுக்காவது அதை விற்காமல், மாற்றித் தராமல், அலமாரியில் வையுங்கள்.

ஃபேஸ்டைம் ஆசைக்கு ஒரு தடை இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புகளைப் போலவே ஃபேஸ்டைமுக்கும் கட்டுப்பாடு உள்ளது. மகன் அங்கே இருக்கும்வரை, இப்போது போலவே அங்கு அனுமதிக்கப்பட்ட போட்டிம் போன்ற செயலியில்தான் பேசப் போகிறீர்கள். அது உங்கள் ஆண்ட்ராய்டிலும் அதே மாதிரிதான் இருக்கும். ஆகவே மகனின் முகம் பார்ப்பதற்காக என்றால் மாறத் தேவையில்லை. நல்ல கேமரா, நெடுநாள் உழைப்பு, மகன் தருவது என்ற மகிழ்ச்சி ஆகியவற்றுக்காக என்றால் தாராளமாக மாறுங்கள். உங்களுக்குப் படகும் இல்லை, கடற்காற்றில் நாள் முழுக்க நிற்கும் வேலையும் இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மகன் மனம் மாறிப் பழையதைத் தான் வைத்துக்கொண்டு புதிய 17-ஐ உங்களுக்குத் தர நினைத்தால், அமீரகத்தில் விற்கப்படும் ஐஃபோன் 17-இல் சிம் போடும் துளையே கிடையாது, கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். அத்துடன், வாங்கிய நாட்டுக்கு மட்டும் உத்தரவாதச் சேவையைக் கட்டுப்படுத்தும் உரிமையையும் ஆப்பிள் தன் விதியில் வைத்திருக்கிறது.

கேள்வி: நான் எதிர்த்திசையில் போகிறேன். மூன்றாண்டு ஐஃபோனுக்குப் பிறகு ஆண்ட்ராய்டுக்குத் திரும்ப எண்ணம். தமிழ் 99-இல் தட்டச்சு செய்து பழகிய விரல்கள். தயக்கம் அது ஒன்றுதான்.
(ஆசிரியை, தொண்டி)

பதில்: ஐஃபோனில் தமிழ் 99-உம் அஞ்சல் என்ற இன்னொரு தமிழ் விசைப்பலகையும் 2013-இன் ஐஓஎஸ் 7 முதல் உள்ளேயே இருப்பதால், அது ஐஃபோனின் சொத்து என்று தோன்றிவிடுகிறது. ஆண்ட்ராய்டில் செல்லினம் செயலியை நிறுவினால் அதே தமிழ் 99 கிடைக்கும். விரல்களுக்குப் புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியதில்லை. உங்கள் தயக்கம் அது ஒன்றுதான் என்றால் மாறலாம். பாடக்குறிப்புகளை ஐஃபோனின் நோட்ஸ் செயலியில் எழுதி வைத்திருந்தால், அவை ஆண்ட்ராய்டுக்குத் தானாக வராது. ஐகிளவுட் தளத்தைக் கணினி உலாவியில் திறந்து முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிம்மைக் கழற்றுவதற்கு முன் அமைப்புகளில், ஐஃபோன்களுக்கு இடையே குறுஞ்செய்தி கொண்டுபோகும் ஐமெசேஜை அணைத்துவிடுங்கள். மறந்தால், ஐஃபோன் வைத்திருக்கும் சக ஆசிரியர்கள் அனுப்பும் குறுஞ்செய்திகள் புதிய செல்பேசிக்கு வராமல், இழுப்பறையில் கிடக்கும் பழைய ஐஃபோனைத் தேடிப் போய்க்கொண்டிருக்கும்.