கதை கேட்கும் நேரம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சிண்டரெல்லா, ஸ்னோ ஒயிட் எல்லாம் சொல்லி முடித்தாயிற்று. “இது எனக்குத் தெரியுமே” என்கிறாள் ஏழு வயதுப் பேத்தி. அந்தப் பக்கத்துக் கதைகளில் யாரும் கேட்காதது மிச்சம் இருக்கிறதா?
– வாசகி, திருச்சி

பதில்: மூட்டை மூட்டையாக இருக்கிறது, அம்மா. ஜெர்மனியின் பவேரியாவில் ஷோன்வெர்த் (1810–1886) என்று ஒருவர். மன்னர் இரண்டாம் மாக்ஸிமிலியனிடம் செயலாளராக இருந்தவர். பண்ணையாட்கள், வேலைக்காரப் பெண்கள், கிழவிகள் என்று பிடித்து உட்கார வைத்துக் கதை கேட்டு எழுதினார். 1857 முதல் 1859 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டார். ஸ்னோ ஒயிட் கதையை அச்சேற்றிய கிரிம் சகோதரர்களில் மூத்தவரான ஜேக்கப் கிரிம்மே மெச்சினார், அப்படியும் விற்கவில்லை. (சொந்தக் காசில் புத்தகம் போட்டவர்கள் இங்கே பெருமூச்சு விடலாம்.) அச்சேறாத கையெழுத்துத் தாள்கள் ரேகன்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. எரிகா ஐகன்சீர் என்ற பெண்மணி அவற்றைக் கிளறி ஏறக்குறைய 500 கதைகளை மீட்டார். 2010-ல் அவற்றிலிருந்து ஒரு தொகுப்பும் வந்தது.

பேத்திக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்: சூனியக்காரி துரத்துகிறாள். ஓடிவந்த பெண் சட்டென்று குளமாக மாறிவிடுகிறாள். கிழவி விடுவாளா? குப்புறப் படுத்துக் குளத்தையே உறிஞ்சிக் குடித்துவிடுகிறாள்! உள்ளே போன பெண் கத்தியால் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறாள்.

கேள்வி: கொடூரமான இடங்களை வெட்டிவிட்டுக் குழந்தைகளுக்குக் கதை சொல்லலாமா?
– ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: கிரிம் சகோதரர்களும் கத்தரி வைத்தவர்கள்தான். எதை வெட்டினார்கள் என்பதுதான் வேடிக்கை. அவர்கள் கதைத் தொகுப்பின் 1812 பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் பெற்ற தாய். 1819-ல் மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். கோபுரத்தில் அடைபட்ட ராபுன்சல், தான் கர்ப்பம் என்று தெரியாமல் “உடுப்பு ஏன் இறுக்கமாகிறது?” என்று வெகுளியாகக் கேட்பதும் பிற்பாடு காணாமல் போயிற்று. ஆனால் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்போடு ஸ்னோ ஒயிட் கதையின் ராணி ஆடி ஆடிச் சாவது மட்டும் பத்திரமாக இருக்கிறது!

ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் போட்ட நல்லதங்காள் கதையை என் பாட்டி சின்ன வயசிலேயே சொல்லிவிட்டாள். ராத்திரியில் கிணற்றடிக்குப் போக மறுத்தேனே தவிர, கெட்டுப்போகவில்லை. வெட்டாமல் சொல்லுங்கள் சார்.

கேள்வி: எங்கள் அத்தைக்கு 85 வயது. அவர் சொல்லும் கதைகளை எழுதி வைக்க ஆசை. நடுநடுவே காரணமே இல்லாமல் தாவுகிறார். சரிசெய்து எழுதட்டுமா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: தொடாதீர்கள்! ஷோன்வெர்த் கதை ஒன்றில் கரடி இளவரசனிடம் சொல்கிறது: “சுவரில் இருக்கும் துருப்பிடித்த ஆணியைப் பிடுங்கி டர்னிப் கிழங்குக்கு அடியில் வை, அழகான மனைவி கிடைப்பாள்.” ஏன் ஆணி, ஏன் டர்னிப்? அவர் விளக்கவில்லை, கேட்டபடி எழுதினார். நானாக இருந்தால் ஒரு மந்திரவாதியின் சாபத்தை நுழைத்துக் கெடுத்திருப்பேன்.

போனில் பதிவை ஓடவிட்டு, அத்தை கீரை ஆயும்போது பக்கத்தில் உட்காருங்கள். “அப்புறம்?” என்பதைத் தவிர வேறெதுவும் கேட்காதீர்கள். அதே கதையை அடுத்த மாதம் வேறு மாதிரி சொல்வார். அதையும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.