பத்தியைப் புரிந்துகொண்டு சுருக்கி எழுத போன் உதவுமா?

“எட்டாவது படிக்கும் மகன் சரளமாக வாசிக்கிறான், என்ன புரிந்தது என்றால் முழிக்கிறான்” என்று கேட்டிருக்கிறீர்கள். போன் உதவும். ஆனால் சுருக்கத்தையே ஏஐயிடம் எழுதி வாங்கினால் பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சாது.

உசிலம்பட்டியில் டியூஷன் பிள்ளைகளிடம் நான் செய்வது இதுதான். கீழடி பற்றி ஒரு பத்தி வாசிக்கிறார்கள். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு, கூகுள் டாக்ஸ் என்ற எழுதும் செயலியைத் திறந்து, கீபோர்டில் தமிழை வைத்து மைக்கை அழுத்தி, நினைவில் நிற்பதைச் சொல்ல வேண்டும். “வந்து... அது என்னன்னா” உட்பட எல்லாம் எழுத்தாக வந்து விழும். ஒரே சிரிப்புதான். பிறகு புத்தகத்தைத் திறந்து ஒப்பிடுவோம். வைகைக் கரையில் பழைய நகர வாழ்க்கை இருந்தது என்பது மையக் கருத்து. செங்கல் சுவரும் உறைகிணறும் அதற்குச் சான்று. 2015இல் அகழாய்வு தொடங்கியது கூடுதல் தகவல். பெரும்பாலான பிள்ளைகள் ஆண்டை மட்டும் பிடித்துக்கொண்டு மையத்தை விட்டுவிடுவார்கள்.

மூன்றில் ஒரு பங்காகச் சுருக்க, டாக்ஸே சொற்களை எண்ணிக் காட்டும். ஏஐயிடம் சுருக்கம் கேட்காதீர்கள், “இந்தப் பத்தியிலிருந்து ‘ஏன்’, ‘எப்படி’ என்று ஐந்து கேள்வி கேள்” என்று சொல்லுங்கள். அது சொல்லும் விடையை மட்டும் புத்தகத்தோடு சரிபாருங்கள், ஏஐ சில சமயம் கதை விடும்.