ஹீரோக்வெஸ்ட் உருவங்களுக்குப் பெயின்ட்: கேள்வி பதில்

1989-ல் மில்டன் பிராட்லி, கேம்ஸ் வொர்க்‌ஷாப்புடன் சேர்ந்து கொண்டுவந்த ஹீரோக்வெஸ்ட் என்ற பலகை விளையாட்டின் பெட்டியைப் பற்றித்தான் எல்லாக் கேள்விகளும். நாலு வீரர்கள், 31 அரக்கர்கள், மொத்தம் 35 சின்ன பிளாஸ்டிக் உருவங்கள். இரண்டு செட் முழுக்கப் பெயின்ட் அடித்தவன் என்ற தைரியத்தில் பதில் சொல்கிறேன்.

சித்தப்பாவின் பழைய பெட்டி கைக்கு வந்திருக்கிறது. பெயின்ட் அடித்தால் விலை போகாதாமே?

பெயின்ட் படாத முழு செட்டுக்குத்தான் சேகரிப்பாளர்களிடம் மவுசு, உண்மைதான். விற்கிற எண்ணம் இருந்தால் தொடாதீங்க. விளையாடப் போறீங்கன்னா தயங்காமல் அடிங்க.

அதே பெட்டியில் பாதி உருவங்களுக்கு யாரோ தடியாக எனாமல் பூசி வைத்திருக்கிறார்கள். எப்படிக் கழற்றுவது?

நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீங்க. அதிலுள்ள அசிட்டோன் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். இங்கிலாந்தில் இந்தப் பொழுதுபோக்கு உள்ளவர்கள் ரொம்ப நாளாகச் செய்வது, நம்ம வீட்டில் இருக்கிற அதே பழுப்பு டெட்டால்தான். தண்ணீர் கலக்காமல் மூடி போட்ட பாட்டிலில் ஊற்றி, ஒரு நாள் ஊறவிடுங்க. கையுறை கட்டாயம். ஜன்னலும் திறந்திருக்கணும், இல்லாவிட்டால் வீடு ஆஸ்பத்திரி மாதிரி நாறும்.

எல்லாரும் சறுக்குகிற இடம் அடுத்தது. வெளியே எடுத்ததும் குழாயடிக்குப் போகக்கூடாது. தண்ணீர் பட்டால் கரைந்த பெயின்ட் பிசினாகி, உருவத்தின் மடிப்பெல்லாம் ஒட்டிக்கொள்ளும். பழைய டூத்பிரஷை டெட்டாலிலேயே தோய்த்துத் தேயுங்க. பெயின்ட் முழுக்கப் போன பிறகுதான் சோப்பும் தண்ணீரும். முதலில் காப்ளின் என்கிற குட்டி அரக்கர்களில் ஒரே ஒன்றை ஊறப்போட்டுப் பாருங்க. ஆறு இருக்கு, ஒன்று போனாலும் பரவாயில்லை.

பெயின்ட் அடித்தால் கோடு கோடாக பிரஷ் தடம் தெரிகிறது, அண்ணா.

தண்ணீர் போதலை. பாட்டிலிலிருந்து வரும் அக்ரிலிக் தயிர் மாதிரி கெட்டியாக இருக்கும். அதைத் தட்டில் எடுத்து, பால் பதத்துக்குக் கொண்டுவாங்க. முதல் கை பார்க்கவே சகிக்காது, அடியில் இருப்பதெல்லாம் தெரியும். காய விட்டு இரண்டாவது கை அடிங்க. பயந்துபோய் முதல் கையிலேயே அப்பினால் ஓர்க் என்கிற அரக்கனின் பல்லெல்லாம் மூடிவிடும்.

எலும்புக்கூடு, மம்மிக்குச் சுலபமான வழி?

பெட்டியிலேயே ரொம்பச் சுலபமானவை இவைதான். வெளிர் எலும்பு நிறம் அடித்து, மேலே பழுப்பு வாஷ் (நிழல் காட்டும் நீர்த்த பெயின்ட்) ஒன்று ஓடவிடுங்க. நான் பயன்படுத்துவது அக்ராக்ஸ் எர்த்ஷேட். பள்ளங்களில் தானே போய்த் தங்கும். நன்றாகக் காய்ந்தபின் டிரை பிரஷ். பிரஷில் எலும்பு நிறத்தைத் தொட்டு, அநேகமாக எல்லாவற்றையும் டிஷ்யூவில் துடைத்துவிட்டு, விரல் நுனியில் ஒருமுறை இழுத்துப் பாருங்க. ரேகையின் மேடு மட்டும் வெளுத்தால் பதம் சரி. ஈரமாகத் திட்டு விழுந்தால் இன்னும் துடைக்கணும். அப்புறம் விலா எலும்பு மேல் குறுக்கே லேசாக ஓட்டுங்க, ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். அரை மணியில் நாலு எலும்புக்கூடும் முடிந்துவிடும், காயும் நேரம் தனி.

சென்னையில் இருக்கேன். ஸ்ப்ரே பிரைமர் அடித்தால் சொரசொரப்பாக வருகிறது.

ஈரக்காற்று ஒரு காரணம், ரொம்பத் தள்ளி நின்று அடிப்பது இன்னொன்று. தூரம் அதிகமானால் பெயின்ட் பாதி வழியிலேயே காய்ந்து, தூளாக வந்து உட்காரும். உங்க ஊருக்கு பிரஷ்ஷால் பூசும் பிரைமரே நிம்மதி. மேட் வார்னிஷுக்கும் இதேதான். நான் ஒரு மழை நாளில் ஸ்ப்ரே அடித்து, ஃபிமிர் என்கிற ஒற்றைக்கண் அரக்கர்கள் மூன்றும் மாவில் புரண்ட மாதிரி ஆகிவிட்டன. மேலே பிரஷ்ஷால் பளபள வார்னிஷ் ஒரு கை கொடுத்ததும் வெள்ளை போனது.

ஓர்க், காப்ளின், ஃபிமிர் எல்லாமே பச்சைப் பிளாஸ்டிக். எல்லாவற்றுக்கும் பச்சையே அடிக்கலாமா?

அடித்தால் ஆட்டத்தின் நடுவில் குழம்புவீங்க. என் மேசையில் ஓர்க் கரும்பச்சை, காப்ளின் மஞ்சள் கலந்த பச்சை, ஃபிமிர் சேற்றுப் பழுப்பு.

2021-ல் வந்த புதுப் பதிப்பிலும் ஃபிமிர் உண்டா?

இல்லை. அந்த இடத்தில் அபாமினேஷன் என்று வேறொன்று. எனக்குப் பழைய ஒற்றைக்கண்ணன்தான் பிடிக்கும்.

கண் வரையவே வரலை. கை நடுங்குது.

வீரர்களுக்கு வரையாமலே விடுங்க. மேசையில் வைத்துப் பார்க்கும் தூரத்தில் புருவத்துக்கடியில் கொஞ்சம் வாஷ் நிழல் போதும். வரைந்தே ஆகணும்னா வெள்ளையைக் கிடையாக ஒரு கீற்று, கறுப்பை நெடுக்காக ஒரு கோடு, வழிந்ததைத் தோல் நிறத்தால் மூடிவிடுங்க. மணிக்கட்டு இரண்டையும் ஒட்டி வைத்துக்கொண்டால் நடுக்கம் குறையும். பழக ஃபிமிரை எடுங்க. கண் பெரிசு, மூன்று பேருக்கும் சேர்த்தே மூன்றுதான்.