சித்தி கேட்கவில்லை, நீங்கள் ஏன் காட்டவில்லை?

கேள்வி: எனக்கு 38 வயது, பிளஸ் டூ படித்திருக்கிறேன். ரியல் எஸ்டேட் ஏஜென்ட் லைசென்ஸ் எடுக்க ஆசை. 'பொம்பளைக்கு எதுக்கு புரோக்கர் வேலை?' என்கிறார் கணவர். திருமங்கலம் பக்கம் 60 மனை போடும் ஒருவர், 'லைசென்ஸ் அப்புறம் எடுத்துக்கலாம், இப்பவே ஆள் கூட்டிட்டு வாங்க' என்கிறார். அப்ரூவல் இரண்டு மாதத்தில் வந்துவிடுமாம். என் சித்தி 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். ஒரு பேப்பர்கூடக் கேட்கவில்லை, என் மேல் அவ்வளவு நம்பிக்கை. லைசென்ஸ் எப்படி வாங்குவது? கணவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
- மதுரை வாசகி

பதில்: கணவர் விஷயம் கிடக்கட்டும். சித்தி ஒரு பேப்பர்கூடக் கேட்கவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அவர் கேட்கவில்லை, சரி. நீங்கள் ஏன் காட்டவில்லை? காட்ட உங்கள் கையில் ஒன்றும் இல்லை, அதுதானே?

60 மனை போடுகிறவர் அந்த இடத்தை ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு செய்யும்வரை விளம்பரமும் செய்யக் கூடாது, புக்கிங்கும் எடுக்கக் கூடாது. 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 3-வது பிரிவு அது. மீறினால் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம். மனை போட்டு விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்காது. புதிதாக வருகிறவர்களுக்குத் தொழில் தெரியாது, ஆனால் சொந்தபந்தம் நிறைய உண்டு. அதற்காகத்தான் உங்களைப் பிடித்திருக்கிறார். சித்தி, நாத்தனார், எதிர்வீட்டு அக்கா என்று ஒரு சுற்று முடிந்ததும் அவர் வேறு ஆள் தேடிப் போய்விடுவார். விசேஷ வீட்டில் தலைகாட்ட முடியாமல் நிற்கப்போவது நீங்கள். இதே கதையோடு எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்துவிட்டன. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தபோது, பணத்தைக் கொடுத்துவிட்டுப் பத்திரம் இல்லாமல் தவித்தவர்களை மதுரைக்காரரான நீங்கள் பார்க்காமலா இருந்திருப்பீர்கள்?

இந்த வாரமே போய் அந்த 2 லட்சத்தைத் திரும்பக் கேளுங்கள். இழுத்தடித்தால் உங்கள் நகையை வைத்தாவது சித்திக்குக் கொடுத்துவிடுங்கள். கடுமையாகத்தான் சொல்கிறேன். விவரம் கேட்கத் தெரியாத பெரியவரின் பணத்தைக் கையில் வாங்கினால், அவர் பெற்ற பிள்ளை கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை நீங்களே கேட்டிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் 'நம்பிக்கை' என்று பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம் லைசென்ஸ். சட்டம் படிப்புத் தகுதி எதையும் சொல்லவில்லை, பிளஸ் டூ தடையில்லை. தமிழ்நாடு ரெராவின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பான் கார்டு, போட்டோ, முகவரிச் சான்று, வருமான வரி விவரம் கேட்பார்கள். பதிவு 5 வருடம் செல்லும். நீங்கள் முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் உங்கள் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும், கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும், ரெராவில் பதிவாகாத திட்டத்தைத் தொடவே கூடாது. 'நான் ஆளை அறிமுகம்தான் செய்தேன்' என்று தப்பிக்க முடியாது. அறிமுகம் செய்து கமிஷன் வாங்கினாலே சட்டப்படி ஏஜென்ட்தான். விதியை மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய், மனை விலையில் 5 சதவீதம் வரை அபராதம் ஏறிக்கொண்டே போகும். ஆகவே 'லைசென்ஸ் அப்புறம்' என்று சொன்னவர் எப்படிப்பட்ட ஆள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவர் சொன்னது தவறு. பெண்கள் இந்தத் தொழிலைத் தாராளமாகச் செய்யலாம், செய்கிறார்கள். ஆனால் சித்தி கொடுத்த பணத்தைப் பற்றி அவரிடம் சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை. சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். சம்மதம் கேட்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

பதிவு எண் வந்த பிறகும் சித்திக்கு மனை வேண்டுமென்றால், டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் ஆன இடமாக, ரெரா எண் உள்ளதாகப் பாருங்கள். தாய்ப்பத்திரம், பட்டா, 30 வருட வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் அவர் வீட்டுக்கே கொண்டுபோய், பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். அவரிடம் கமிஷன் வாங்காதீர்கள்.