24 மணி நேர மலைமிதிவண்டிப் பந்தயத்தில் நால்வர் அணி எப்போது ஓட்டும், எப்போது தூங்கும்?

ஒரு நாள் முழுக்க நடக்கும் மலைமிதிவண்டிப் பந்தயத்தை நான்கு பேர் எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள், அதில் அதிகம் படுத்துவது இரவா ஏற்றமா என்று கேட்டிருக்கிறீர்கள். அரிசோனாவில் நடக்கும் '24 அவர்ஸ் இன் தி ஓல்ட் புவெப்லோ' பந்தயத்தில் நால்வர் அணியில் இரண்டு முறை ஓட்டியிருக்கிறேன். இரவையும் ஏற்றத்தையும் சமாளித்துவிட்டோம். எங்களைக் கவிழ்த்தது, ஓர் ஆள் இறங்கி அடுத்த ஆள் ஏறும் இடம். அதைச் சொல்வதற்கு முன் பந்தயத்தின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும்.

சனிக்கிழமை நண்பகல் 12 மணிக்குத் தொடங்கி ஞாயிறு நண்பகல் வரை ஒரே வட்டப் பாதையைத் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும்; அணியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பாதையில் இருக்கலாம்; அதிகச் சுற்றுகளை முடிக்கும் அணி வெல்லும். ஓல்ட் புவெப்லோவில் ஒரு சுற்று ஏறத்தாழ 26 கிலோமீட்டர். இடம், டூசான் நகருக்கு வடக்கே ஆரக்கிள் என்ற சிற்றூரை ஒட்டிய பாலைநிலம்; நான் இருக்கும் பீனிக்ஸிலிருந்து இரண்டு மணி நேரக் கார்ப் பயணம். 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய இந்தப் பந்தயத்தைப் பிப்ரவரி நடுவில் நடத்துவார்கள். மற்ற நாட்களில் மாடு மேயும் அந்தப் பண்ணை நிலத்தில் அந்த வார இறுதிக்கு மட்டும் கூடாரங்களும் வேன்களும் சேர்ந்து ஓர் ஊரே முளைத்துவிடும். தொடக்கத்தில் யாரும் சைக்கிளில் ஏற முடியாது; முதல் ஆள் சற்றுத் தூரம் ஓடிப்போய்த்தான் தன் வண்டியை எடுக்க வேண்டும். லே மான்ஸ் கார்ப் பந்தயத்தின் பழைய வழக்கத்திலிருந்து வந்த இந்த ஓட்டம் வேடிக்கைக்காக வைத்ததைப் போலத் தோன்றினாலும், நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நொடியில் ஒற்றையடிப் பாதையில் போய் முட்டிக்கொள்ளாமல் கூட்டத்தை நீளமாக இழுத்துவிடுகிறது.

இந்த வகைப் பந்தயத்தை 1992-இல் மேற்கு வர்ஜீனியாவில் '24 அவர்ஸ் ஆஃப் கனேன்' என்ற பெயரில் தொடங்கி வைத்தவர் லேர்ட் நைட். அப்போது அது அணிகளுக்கு மட்டுமானது. 1996-இல் ஜான் ஸ்டாம்ஸ்டாட் என்ற வீரர் தன் பெயரையே நான்கு விதமாக எழுதி நால்வர் அணி என்று பதிவு செய்துவிட்டு, 24 மணி நேரமும் தான் ஒருவராகவே ஓட்டி முடித்தார். தனியாள் பிரிவு என்று ஒன்று வந்தது அதற்குப் பிறகுதான். எனக்கு அந்தப் பக்கம் போகும் எண்ணம் இல்லை. மற்ற மூவர் ஓட்டும்போது படுத்துக்கொள்ளலாம் என்ற ஆசையில்தான் அணியில் சேர்ந்தேன்.

அந்த ஆசை எவ்வளவு தூரம் நிறைவேறும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்களைப் போன்ற நடுத்தர ஓட்டிகளுக்குப் பகலில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். இரவில் ஒன்றே முக்கால் மணியைத் தாண்டும். ஆளுக்கு ஒரு சுற்று என்று மாறினால் இரண்டு முறைகளுக்கு இடையில் ஐந்து மணி நேரம் கிடைக்கிறது. கேட்பதற்குத் தாராளமாக இருக்கும். ஆனால் வந்ததும் வியர்வைத் துணி மாற்ற வேண்டும், செயினைத் துடைத்து எண்ணெய் இட வேண்டும், விளக்கின் பேட்டரியைச் சார்ஜில் போட வேண்டும், சாப்பிட வேண்டும், சாப்பிட்டது சற்று இறங்க வேண்டும். அடுத்த முறைக்கு முக்கால் மணி நேரம் முன்பே எழுந்து தயாராகவும் வேண்டும். இவ்வளவும் போக இரண்டு மணி நேரம் கண்மூடினால் பெரிது. அதனால்தான் பல அணிகள் இருட்டிய பிறகு ஆளுக்கு இரண்டு சுற்றுகள் என்று மாறிக்கொள்கின்றன. இரண்டாவது சுற்றில் வேகம் குறையத்தான் செய்யும். அதற்கு ஈடாக ஒவ்வொருவருக்கும் ஒருமுறையாவது எட்டு முதல் பதினோரு மணி நேர இடைவெளி கிடைக்கிறது. வேகமான அணிகள் இதை ஒப்புக்கொள்வதில்லை, ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய கால்கள் வேண்டும் என்பது அவர்கள் கட்சி. மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியவர்களுக்கு இரட்டைச் சுற்றே சரி என்பது என் கட்சி.

இரவு ஓட்டத்தைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். பிப்ரவரி நடுவில் அங்கே மாலை ஆறேகால் மணிக்குள் சூரியன் மறைந்துவிடும், மீண்டும் காண காலை ஏழு மணி ஆகும். அதாவது பந்தயத்தில் பாதிக்கு மேல் இருட்டு. வெப்பநிலை உறைநிலையை ஒட்டி இறங்கிவிடும். குளிர்காற்று பள்ளத்தில் தேங்குவதால், வறண்ட மணல் ஓடை ஒன்றில் இறங்கும்போதெல்லாம் குளிர்பெட்டிக்குள் தலையை விட்டதைப் போலிருக்கும். ஏறினால் மறுபடியும் வியர்க்கும். விளக்கு இரண்டு வேண்டும். ஹெல்மெட்டில் ஒன்றை மட்டும் மாட்டிக்கொண்டு போனால், ஒளி ஏறக்குறைய நம் கண் பார்க்கும் கோட்டிலேயே போவதால் கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னாலேயே மறைந்து, பாதை முழுதும் தாளில் வரைந்த படம் போலத் தட்டையாகத் தெரியும். முழங்கை உயரக் கல்லும் கோலிக்குண்டும் ஒன்றுபோல் இருக்கும். ஹேண்டில்பாரில் தாழ்வாக ஒன்று இருந்தால்தான் அதன் நிழல் நீண்டு மேடு பள்ளம் புரியும். வளைவில் திரும்புவதற்கு முன்பே அந்தப் பக்கம் பார்க்க ஹெல்மெட் விளக்கு தேவை. முழு வெளிச்சத்தில் வைத்தால் என் பேட்டரி இரண்டு சுற்றுகளுக்குத் தாங்காது. ஏற்றங்களில் மங்கலாக வைத்துக்கொண்டு இறக்கத்தில் மட்டும் கூட்டுவேன்.

பாதை அப்படியொன்றும் கொடுமையானதல்ல. தொடக்கத்தில் அலையலையாக ஏறி இறங்கும் சில மேடுகள், முடிவுக் கோடு நெருங்கும்போது ஒரு பாறைச் சரிவு. சரிவு வேண்டாம் என்பவர்கள் சுற்றிப் போக வழியும் உண்டு. மிச்சமெல்லாம் கள்ளிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் ஒற்றையடிப் பாதை. அந்தக் கள்ளிகளில் சோயா என்று ஒரு வகை (பருப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை) பாதையோரத்திலேயே நிற்கும். தோள் இலேசாக உரசினால் போதும், முள்ளுருண்டை ஒன்று கழன்று கையில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முள்ளிலும் தூண்டில் போலப் பின்னோக்கிய கொக்கிகள் இருப்பதால் மறு கையால் பிடித்து இழுத்தால் இரண்டு கைகளும் மாட்டிக்கொள்ளும். அதற்காகவே ஒரு சாதாரணத் தலைவாரும் சீப்பைச் சட்டைப் பையில் வைத்திருப்பார்கள். உருண்டைக்கும் தோலுக்கும் நடுவில் சீப்பைச் செருகி ஒரே சுண்டாகச் சுண்டிவிட வேண்டும். யார் மீது விழும் என்று பார்த்துச் சுண்டுவது நல்லது. டயரில் டியூப் இல்லாமல், துளைகளைத் தானே அடைக்கும் பால் போன்ற திரவத்தை ஊற்றிக்கொண்டு வராதவர்கள் முதல் சுற்றிலேயே பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொள்வார்கள்.

இனி எங்கள் கதை. முதல் ஆண்டில் நான் இரண்டாம் ஆள். இரவு 10 மணிக்கு என் இரட்டைச் சுற்றைத் தொடங்கி, 1:45-க்கு ஆள் மாறும் கூடாரத்துக்குள் நுழைந்தேன். அணியில் ஓர் ஆளிடமிருந்து அடுத்த ஆளுக்குக் கைமாறும் சிறு மரக்கட்டை ஒன்று உண்டு. அதை அடுத்தவர் கையில் கொடுத்தால்தான் அவர் கிளம்ப முடியும். கட்டையை நீட்டியபடி மூன்றாமவரைத் தேடினேன். அவர் இல்லை. எனக்குப் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கட்டையைக் கொடுத்துவிட்டுப் போக, நான் மட்டும் ரயிலில் வராத உறவினருக்காக நடைமேடையில் காத்திருப்பவன் போல நின்றேன். வியர்வை முதுகிலேயே குளிர்ந்து உடம்பு நடுங்கத் தொடங்கிய பிறகு, வேறு வழியில்லாமல் எங்கள் கூடாரத்துக்கே சைக்கிளை மிதித்தேன். மூன்றாமவர் தூக்கப் பைக்குள் தலை வரை மூடிக்கொண்டு உறங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பும் பொறுப்பை ஏற்றிருந்த முதலாமவர் பக்கத்திலேயே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அலாரம் வைத்த அவருடைய கைப்பேசி குளிரில் அணைந்துபோயிருந்தது. மூன்றாமவர் கிளம்பும்போது மணி 2:07. அந்த 22 நிமிடங்களைச் சேமிக்க வேண்டுமானால் நாங்கள் நால்வரும் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் வேகமாக ஓட்டியிருக்க வேண்டும். அதற்கு எத்தனை மாதப் பயிற்சி தேவை என்பது சைக்கிள் ஓட்டுபவர்களுக்குத் தெரியும். அந்த ஆண்டு மொத்தம் 14 சுற்றுகள்.

தவறு முதலாமவருடையது என்று அப்போது நினைத்தேன். கொஞ்சம் கத்தவும் செய்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், இரண்டு சுற்றுகள் ஓட்டிக் களைத்து வந்தவரிடம் நள்ளிரவு தாண்டி விழித்திருந்து இன்னொருவரை எழுப்பச் சொன்ன ஏற்பாடே கோணல். ஓட்டும் நால்வரில் யாரிடமும் கடிகாரப் பொறுப்பு இருக்கக் கூடாது. எனவே அடுத்த ஆண்டு சைக்கிளையே தொடாத ஒருவரை அழைத்துக்கொண்டு போனோம்: முதலாமவருடைய மாமா, ஊரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தவர், வேலை பார்த்த காலத்தில் ஆலையில் இரவு ஷிப்ட் பார்த்துப் பழகியவர். ஒரு வெள்ளைப் பலகையில் யார் எத்தனை மணிக்குக் கிளம்பினார், எப்போது திரும்பலாம், அடுத்தவரை எப்போது எழுப்ப வேண்டும் என்று மூன்று பத்திகள் போட்டு எழுதி வைத்தார். சார்ஜ் ஏறிய பேட்டரிகளை ஒரு தட்டிலும் தீர்ந்தவற்றை வேறொரு தட்டிலும் பிரித்து வைத்தார். இனிப்பு ஜெல்களை விழுங்கி விழுங்கி நாக்கு மரத்துப்போன எங்களுக்கு, புளிசாதத்தை உருண்டை பிடித்து அலுமினியத் தாளில் சுற்றித் தந்தவரும் அவரே. நீங்கள் அணி சேர்ப்பதாக இருந்தால், நான்காவது ஓட்டியைத் தேடும் முன் இப்படி ஒருவரைத் தேடுங்கள்.

அந்த ஆண்டும் என் முறை நள்ளிரவு தாண்டித்தான் முடிந்தது. கூடாரத்துக்குள் நுழைந்தபோது மூன்றாமவர் ஹெல்மெட் மாட்டி, விளக்கை எரியவிட்டுக்கொண்டு கை நீட்டி நின்றிருந்தார். "மாமா என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்திக் கால் மணி நேரம் ஆகிறது, குளிர் தாங்கவில்லை, சீக்கிரம் கொடுங்கள்" என்று கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் பிளாஸ்கில் சுக்குக் காபியுடன் மாமா நின்றிருந்தார்.