மரப் பாய்மரக் கப்பல் மாதிரி: கட்டுவோரின் கேள்விகளும் பதில்களும்

வந்த கேள்விகளைக் கட்டும் வரிசையிலேயே அடுக்கியிருக்கிறேன். கணக்குகள் எல்லாம் 1:64 அளவுக்கு, அதாவது நிஜக் கப்பலின் 64-ல் ஒரு பங்குக்கு. உங்கள் கிட் (பாகங்கள் அடங்கிய பெட்டி) 1:48 அல்லது 1:72 என்றால் 64 இருக்கும் இடத்தில் அந்த எண்ணைப் போட்டு வகுத்துக்கொள்ளுங்கள். முன்பகுதியை அணியம் என்றும், பின்பகுதியை அமரம் என்றும், அடிமரத்தை ஏரா என்றும், பாய் தொங்கும் குறுக்குமரத்தைப் பருமல் என்றும் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பெட்டியைப் பிரித்ததும் பார்த்தேன், ஏராவுக்கான பிளைவுட் நடுவில் 3 மி.மீ. வளைந்திருக்கிறது. பலகை ஒட்டும்போது தானே நேராகிவிடும் என்கிறார் நண்பர். சரியா ஐயா?

சரியில்லை. பலகை ஒட்டினால் அந்த வளைவு அப்படியே இறுகிப்போகும். பாய்மரங்களை நிறுத்தி அணியத்திலிருந்து பார்க்கும்போதுதான் மூன்றும் ஒரே கோட்டில் இல்லை என்பது தெரியும். அப்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

3 மி.மீ. திருத்தக்கூடியதுதான். இரண்டு பக்கமும் ஈரத்துணியால் சமமாக நனைத்து, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்துப் பாரம் ஏற்றி இரண்டு நாள் விடுங்கள். எடுத்தபின் மறுபடி வளைந்தால், குறுக்குச் சட்டங்கள் செருகும் பள்ளங்களுக்கு இடைப்பட்ட இடங்களில் இருபுறமும் 5×5 மி.மீ. நேரான கடினமரக் குச்சிகளை ஒட்டுங்கள். பிறகு சட்டங்களை மூலைமட்டம் வைத்து ஒட்டி, இடைவெளிகளில் இறுக்கமாகக் கட்டைகளை நிரப்புங்கள். முறுக்கைத் தடுப்பது இந்த நிரப்புக்கட்டைகள்தான். பெட்டியில் அவை இருக்காது, ஆனாலும் போடுங்கள்.

இன்னொன்று: பாய்மரக் குச்சிகளைத் துளையில் செருகி, வரைபடத்தில் உள்ள சாய்வுக் கோணத்தை இப்போதே ஒப்பிட்டுவிடுங்கள். தளம் ஒட்டியபின் அந்தத் துளையைத் திருத்துவது பெரும்பாடு.

கேள்வி: குறுக்குச் சட்டங்களின் விளிம்பை எவ்வளவு சாய்வாகத் தேய்க்க வேண்டும்?

எண்ணில் சொல்ல முடியாது, பட்டையைக் (பலகையாக ஒட்டும் மெல்லிய மரத்துண்டை) கேளுங்கள். 1.5 மி.மீ. பட்டை ஒன்றை அணியத்திலிருந்து அமரம் வரை சட்டங்களின்மேல் படியவையுங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் முழு அகலத்துக்கும் ஒட்டிப் படிய வேண்டும். கூர்முனையில் மட்டும் பட்டால் இன்னும் தேய்க்க வேண்டும்; எங்காவது தொடாமல் தாண்டினால் அந்தச் சட்டத்தின்மேல் மெல்லிய சீவலை ஒட்டி உயர்த்த வேண்டும். நடுச்சட்டங்களில் சாய்வு அநேகமாகத் தேவைப்படாது. நீளமான கட்டையில் 120 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சட்டங்களைத் தொடுமாறு தேயுங்கள். விரலில் தாளைச் சுற்றித் தேய்த்தால் குழி விழும்.

பலர் தவறவிடுவது அமரத்தின் அடியில். அங்கே இரண்டு பக்கப் பலகைகளும் ஏராப் பலகையின்மேல் வந்து சேர்கின்றன. பலகை இரண்டு அடுக்காக ஒட்டப்படும்: முதல் அடுக்கு 1.5, இரண்டாவது 0.5, ஒரு பக்கம் 2, இரு பக்கம் 4 மி.மீ. சுக்கான் மாட்டும் பின்கட்டை 5 மி.மீ. என்றால் நடுவில் மீதம் இருக்க வேண்டியது வெறும் 1 மி.மீ. ஆனால் பெட்டியில் வருவது 5 மி.மீ. பிளைவுட். அதைச் சட்டங்கள் கட்டும் முன்பே உளியால் இரு பக்கமும் 2 மி.மீ. வீதம் இளைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பின்கட்டையைவிடக் கப்பலின் வால் பருத்து நிற்கும்.

கேள்வி: அண்ணா, முதல் ஆறு பட்டை அழகாகப் படிந்தது. ஏழாவதிலிருந்து அணியத்தில் பட்டைகள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன. எங்கே தவறு?

முதல் பட்டையிலேயே, தம்பி. அகலம் குறைக்காமல் ஒட்டியிருக்கிறீர்கள். கப்பலின் வயிற்றில் சுற்றளவு அதிகம், மூக்கில் குறைவு. எல்லாப் பட்டையும் ஒரே அகலமாக இருந்தால் மூக்கில் இடம் போதாமல் ஏறத்தான் செய்யும். மரம் தட்டையாக வளையும், விளிம்புவாக்கில் வளையாது. கட்டாயப்படுத்தினால் ஒரு விளிம்பு தூக்கிக்கொள்ளும்.

காகித நாடா ஒன்றை நடுச்சட்டத்தில் தள விளிம்பிலிருந்து ஏரா வரை சுற்றி அளவெடுங்கள். 90 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பட்டை அகலம் 5; ஆக 18 பட்டைகள். மூக்கில் அதே அளவு 54 என்றால் 54-ஐ 18-ஆல் வகுக்க 3 மி.மீ. வருகிறது. ஒவ்வொரு பட்டையும் மூக்கில் 3 மி.மீ. ஆக ஒடுங்க வேண்டும். எல்லாச் சட்டத்திலும் இப்படி அளந்து, பங்கிட்டு, பென்சிலால் குறியிட்டபின்தான் பசையைத் தொட வேண்டும்.

ஒரு வரம்பு உண்டு: பட்டை தன் அகலத்தில் பாதிக்குக் கீழே ஒடுங்கக் கூடாது. மூக்கில் 36 மி.மீ. மட்டுமே கிடைத்தால் கணக்கு 2 மி.மீ. என்று வரும், அது பாதியான 2.5-க்கும் கீழ். அங்கே 14 பட்டைகளுக்குத்தான் இடம். மற்ற நான்கும் மூக்கு வரை போகாமல் முன்னதாகவே பக்கத்துப் பட்டையில் வெட்டிய படிக்குள் முடிய வேண்டும். அமரத்தில் நிலைமை தலைகீழ்: அங்கே 99 மி.மீ. இருந்தால் 18 பட்டைகள் 90-ஐத்தான் மூடும். மிச்ச 9 மி.மீ. இடைவெளியில் ஆப்பு வடிவத் துண்டுகளைச் செருகுங்கள். இடைவெளி தானாக எங்கே விரிகிறதோ அங்கே செருகுங்கள். பட்டையை இழுத்து மூட முயலாதீர்கள்.

உங்கள் கப்பலுக்கு: ஏறி நிற்கும் பட்டைகளை அணியத்திலிருந்து மூன்றாம் சட்டம் வரை ஈரத்துணி வைத்து இளக்கிக் கழற்றுங்கள். வெள்ளைப் பசை என்றால் விட்டுக்கொடுக்கும். இது முதல் அடுக்குதான். பட்டி வைத்துத் தேய்த்தும் சமாளிக்கலாம். ஆனால் இரண்டாம் அடுக்குக்கு இந்தக் கணக்கைப் போட்டே ஆக வேண்டும், அது கண்ணுக்குத் தெரியும் அடுக்கு.

வலப்பக்கம் ஒன்று ஒட்டினால் இடப்பக்கம் ஒன்று. ஒரே பக்கம் ஐந்தாறு ஒட்டினால் நேராக்கிய ஏரா மறுபடி வளையும்.

கேள்வி: பட்டையை ஊறவைத்து வளைத்து உடனே ஒட்டினேன். மறுநாள் எல்லா இணைப்பிலும் மெல்லிய இடைவெளி. ஏன்?

ஊறிய மரம் அகலத்தில் உப்பும். உப்பிய நிலையில் ஒட்டினால் காய்ந்து சுருங்கும்போது இணைப்பு விடும். கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, அந்த வளைவில் கிளிப் போட்டுக் கட்டி, இரவு முழுக்கக் காயவிட்டு, பிறகு ஒட்டுங்கள். நனைத்த பட்டையைச் சூடான இஸ்திரிப் பெட்டியின் முனையில் அழுத்தி உருட்டியும் வளைக்கலாம். அது சில நிமிடங்களிலேயே காய்ந்துவிடும்.

கேள்வி: வால்நட் மரத்தாலான இரண்டாம் அடுக்கில் வார்னிஷ் பூசியதும் அங்கங்கே வெளிறிய திட்டுகள்.

அது சூப்பர் குளூ. மரத்துளைகளில் இறங்கி அடைத்துவிட்டது, அங்கே வார்னிஷ் ஊறாது. லேசான திட்டுகளை 240 நம்பர் தாளால் எடுக்கலாம். ஆனால் 0.5 மி.மீ. பட்டையில் தேய்க்க அதிக இடமில்லை. முதல் அடுக்கு எட்டிப் பார்த்துவிடும். இனி பட்டையின் முதுகில் வெள்ளைப் பசையை மெல்லிய கோடாக இழுத்து, சட்டென்று பிடிக்க வேண்டிய இரண்டு மூன்று இடங்களில் மட்டும் சூப்பர் குளூவைப் பொட்டாக வையுங்கள். வழிந்த வெள்ளைப் பசையை உடனே ஈரத்துணியால் துடையுங்கள்.

கேள்வி: தளப் பலகையை ஒரே நீளமாக ஒட்டலாமா?

கூடாது. நிஜக் கப்பலின் தளப்பலகை 20 முதல் 24 அடி. 20 அடி என்றால் 6096 மி.மீ.; 64-ஆல் வகுத்தால் 95 மி.மீ. பட்டைகளை 95-க்கு வெட்டி, முனைகள் உத்தரத்தின்மேல் வருமாறு வையுங்கள். அடுத்தடுத்த வரிசைகளில் முனைகள் ஒரே உத்தரத்தில் விழக் கூடாது. நடுவே மூன்று வரிசையாவது கடந்தபின்தான் அதே உத்தரத்துக்குத் திரும்பலாம். கலப்பத்துக் கோட்டுக்கு (பலகை இடுக்குகளை அடைத்த கறுப்புக் கோட்டுக்கு) பட்டையின் ஒரு விளிம்பில் மட்டும் மென்மையான பென்சிலைத் தேயுங்கள். இரு விளிம்பிலும் தேய்த்தால் கோடு தடித்து, தளம் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் போலாகிவிடும். மார்க்கர் பேனா வேண்டவே வேண்டாம். மை மரத்துக்குள் பரவும்.

கேள்வி: கிட்டில் மூன்றே கனத்தில் நூல் வந்திருக்கிறது, எல்லாம் கறுப்பு. மாற்ற வேண்டுமா சார்?

பணம் செலவழித்து ஒன்றை மட்டும் மாற்றலாம் என்றால் நூலைத்தான் மாற்றச் சொல்வேன். பாய்மரத்தை நிலையாகப் பிடிக்கும் கயிறுகளுக்குத் தார் பூசுவார்கள், அவை கரும்பழுப்பு. பாயையும் பருமலையும் இயக்கும் கயிறுகள் கப்பிகளில் ஓட வேண்டியவை; அவை சணல் நிறம்.

கனத்தில் ஒரு பொறி இருக்கிறது. பழைய கப்பல் அட்டவணைகள் கயிற்றின் குறுக்களவைத் தருவதில்லை, சுற்றளவையே தருகின்றன. 9 அங்குலம் என்றிருந்தால் 228.6 மி.மீ.; 3.14-ஆல் வகுக்க 73. அதை 64-ஆல் வகுக்க 1.1 மி.மீ. நூல். சுற்றளவைக் குறுக்களவு என்று எடுத்தால் மூன்று மடங்கு தடித்த கயிறு தொங்கும்.

முடிச்சுகளுக்குத் தண்ணீர் பாதி கலந்த வெள்ளைப் பசை போதும். சூப்பர் குளூ நூலைக் கண்ணாடிபோல் இறுக்கி, முடிச்சருகே ஒடியவைக்கும்.

கேள்வி: பாய்மரத்தின் பக்கக் கயிறுகளை இறுக்கும் மூன்று துளைக் கட்டைகள் (டெட்ஐ) ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தில் நிற்கின்றன.

கண்ணால் பார்த்துக் கட்டினால் அப்படித்தான் வரும். பித்தளைக் கம்பியை ஒரு பக்கம் திறந்த சதுரம்போல் வளைத்து, ஒரு முனை மேல்கட்டையின் துளையிலும் மறுமுனை கீழ்க்கட்டையின் துளையிலும் செருகுமாறு செய்யுங்கள். அதை மாட்டிக்கொண்டு பக்கக் கயிற்றைக் கட்டையைச் சுற்றிக் கட்டினால் எல்லாம் ஒரே இடைவெளியில் நிற்கும். கீழ்க்கட்டையில் இரண்டு துளை மேலேயும் ஒன்று கீழேயும், மண்டையோட்டு முகம்போல. மேல்கட்டையில் அதன் தலைகீழ்.

பக்கக் கயிறுகள் இரண்டிரண்டாகப் பாய்மர உச்சியைச் சுற்றி வருபவை. முதலில் வலப்பக்க முன் ஜோடி, அடுத்து இடப்பக்க முன் ஜோடி என்று மாறி மாறி.

தொடர்ச்சி: அதன்மேல் ஏணிக் கயிறு கட்டினால் நடுவில் இடுப்பு ஒடுங்குகிறதே?

நூலை இழுக்கிறீர்கள். கோடு வரைந்த அட்டையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். 15 அங்குல இடைவெளிக்கு 6 மி.மீ. கோடுகள். நடுக் கயிறுகளில் முதலில் முடிச்சைப் போட்டு, வெளியே நோக்கிப் போங்கள். வெளிக் கயிறுகளுக்குப் பின்னால் நேரான குச்சியைத் தற்காலிகமாகக் கட்டி வைத்தால் அவை உள்ளே வராது.

கேள்வி: பருமல்களை ஏற்றிவிட்டேன். இனி கப்பிகளைக் கட்டலாமா?

கட்டலாம், ஆனால் கை நுழையாது. முடிந்தால் இறக்கி, மேசையில் வைத்துக் கட்டிவிட்டு ஏற்றுங்கள். கிட்டின் கப்பிகள் சதுர மூலையோடு வரும். உள்ளே உப்புத்தாள் ஒட்டிய சிறு ஜாடியில் போட்டுக் குலுக்கினால் உருண்டுவிடும்.

கேள்வி: கிட்டை அப்படியே கட்டாமல், குறிப்பிட்ட ஆண்டின் கப்பலாக மாற்ற நினைக்கிறேன். எதில் தொடங்குவது?

ஆண்டை முடிவுசெய்வதில். பிறகு ஒவ்வொரு பாகத்தையும் அந்த ஆண்டோடு உரசிப் பாருங்கள். பிரிட்டிஷ் போர்க்கப்பல் எச்.எம்.எஸ். விக்டரி 1765-ல் நீரில் இறங்கியபோது அமரத்தில் திறந்த மாடங்கள் இருந்தன, முகப்புச் சிற்பமும் மிக ஆடம்பரமானது. 1800–1803 பெரும் பழுதுபார்ப்பில் மாடங்கள் மூடப்பட்டன, சிற்பமும் எளிமையானது. கிட்டுகள் பெரும்பாலும் டிராஃபல்கர் போர் நடந்த 1805-ன் தோற்றத்தைத் தருகின்றன. 1765 வேண்டுமென்றால் அமரத்தையே புதிதாகக் கட்ட வேண்டும். சட்டங்கள் நிறுத்தும் முன்பே முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது.

எளிதாகச் சரிசெய்யக்கூடியது கொடி. பிரிட்டன் கொடியில் மூலைக்கு மூலை ஓடும் சிவப்புப் பட்டைகள் சேர்ந்தது 1801-ல். 1768-ல் புறப்பட்ட கேப்டன் குக்கின் எண்டவர் கப்பலுக்கும் 1787-ல் புறப்பட்ட பவுன்டி கப்பலுக்கும் அவை இல்லாத பழைய கொடிதான் வர வேண்டும். நிறத்தில் ஸ்வீடனின் வாசா போர்க்கப்பல் ஒரு பாடம்: 1628-ல் முதல் பயணத்திலேயே மூழ்கி 1961-ல் மேலெழுந்த அந்தக் கப்பலின் அமரச் சிற்பங்களுக்குப் பின்னணி நீலம் என்று முதலில் கருதினார்கள். ஆய்வில் சிவப்பு என்று தெரிந்தது. பழைய கிட் படத்தைப் பார்த்து நீலம் பூசாதீர்கள்.

கேள்வி: அடிப்பாகத்தில் செப்புத் தகடு ஒட்டலாமா? எந்தக் கப்பலுக்கும் பொருந்துமா?

பொருந்தாது. பிரிட்டிஷ் கடற்படை 1761-ல் எச்.எம்.எஸ். அலார்மில் சோதித்துப் பார்த்தது. பரவலாகப் பதித்தது 1779-க்குப் பிறகுதான். எண்டவருக்குச் செம்பு கிடையாது, பவுன்டிக்கு உண்டு. 1869-ன் கட்டி சார்க் என்ற வணிகக் கப்பலுக்கு மன்ட்ஸ் உலோகம்; அது செம்பும் துத்தநாகமும் கலந்தது, ஆகவே நிறம் மஞ்சள் கலந்து நிற்க வேண்டும்.

தகடு 4 அடி நீளம், 14 அங்குல அகலம் என்றால் 1:64-ல் 19×5.6 மி.மீ. அமரத்தில், ஏராவை ஒட்டித் தொடங்கி முன்னோக்கிப் போங்கள். முன்தகடு பின்தகட்டின்மேல் ஏற வேண்டும், அப்போதுதான் நீரோட்டம் விளிம்பைத் தூக்காது. ஆணிப் புடைப்புகள் பெரிதாகத் தெரியும் தகடுகளைவிட வழவழப்பான செப்பு நாடாவே இந்த அளவுக்கு உண்மையாக இருக்கும். கையுறை போடுங்கள். விரல் ரேகை சில வாரத்தில் கறுத்துத் தெரியும்.

கேள்வி: பாய் வைக்கலாமா, வேண்டாமா?

கிட்டின் துணியும் தையலும் அளவுக்கு மிகத் தடிமன். மெல்லிய டிஷ்யூ காகிதத்தில், 24 அங்குலத் துணிப்பட்டைக்கு 9.5 மி.மீ. வீதம் பென்சில் கோடு போட்டுச் செய்யுங்கள். சுருட்டிய பாய் என்றால் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெட்டிச் சுருட்டுங்கள். முழுப்பாயைச் சுருட்டினால் பருமலில் தலையணை கட்டியதுபோல் இருக்கும்.

கேள்வி: கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பழைய மாதிரியில் பீரங்கிகள்மேல் வெள்ளைப் பொடி பூக்கிறது. துடைத்தாலும் வருகிறது.

அந்த வார்ப்புகளில் ஈயம் இருக்கிறது. ஓக் போன்ற மரங்களும் சில பசைகளும் அசிட்டிக் அமிலத்தை ஆவியாக விடும். காற்றுப்போகாத பெட்டியில் அது தேங்கி ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்குகிறது. வர்ணம் பூசினாலும் நிற்காது. பொடி நச்சு; கையுறையும் முகமூடியும் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியைத் தனியாகக் கட்டி அப்புறப்படுத்துங்கள். அரிப்பு உள்ளே இறங்கிய பாகங்களைப் பித்தளையாலோ ஈயமில்லா வார்ப்பாலோ மாற்றுங்கள். பெட்டியின் அடித்தட்டு ஓக் என்றால் அதையும் மாற்றி, தட்டின் இரு முனைகளிலும் சில காற்றுத் துளைகள் போட்டு, தூசி புகாமல் மெல்லிய வலைத்துணி ஒட்டிவிடுங்கள்.