வீட்டுக் கூரையில் சோலார்: கவுன்சிலிடம் எதற்குப் போக வேண்டும், எதற்குப் போக வேண்டாம்

லண்டன் பக்கம் வீடு வைத்திருக்கும் நம் ஆட்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் இது. கவுன்சில் என்றால் அந்தந்த ஊர் நகராட்சி. இங்கிலாந்து விதிகள் மட்டும்தான், ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டம் தனி.

அண்ணா, ஈஸ்ட் ஹாமில் டெரஸ் வீடு (வரிசையாக ஒட்டிக் கட்டியதில் ஒன்று). சோலார் போட கவுன்சிலில் பிளானிங் பெர்மிஷன் எடுக்கணுமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பெரும்பாலும் வேண்டாம். விண்ணப்பமே இல்லாமல் எந்தெந்த வேலைகளைச் செய்யலாம் என்று சொல்லும் 2015ஆம் ஆண்டு அரசாணையின் 14ஆம் பகுதியில் வீட்டுச் சோலாருக்கு என்றே ஒரு பிரிவு இருக்கிறது, அதன்படி அனுமதி ஏற்கெனவே கொடுத்தாயிற்று, நீங்கள் போய்க் கேட்கத் தேவையில்லை. பெர்மிட்டட் டெவலப்மென்ட் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். நிபந்தனைகள் உண்டு: சாய்வுக் கூரையிலிருந்து பேனல் 20 சென்டிமீட்டருக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது, கூரையின் உச்சியைத் தாண்டக் கூடாது (புகைபோக்கியைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்), வீட்டின் தோற்றத்தை முடிந்த அளவு கெடுக்காமல் பொருத்த வேண்டும், பயன்பாடு முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். ஒழுங்காக வேலை செய்பவர் போட்டால் 20 சென்டிமீட்டர் எல்லாம் வராது.

எங்களுக்குத் தட்டைக் கூரை. சாய்த்து வைத்தால் உச்சியைத் தாண்டிவிடுமே?

2023 டிசம்பர் வரை அது சிக்கல்தான். டிசம்பர் 21 முதல் விதி மாறியது, தட்டைக் கூரையில் 60 சென்டிமீட்டர் வரை உயரலாம். கன்சர்வேஷன் ஏரியாவாக (பழைய தோற்றத்தைக் காப்பதற்காகக் குறித்து வைத்த பகுதி) இருந்தால் மட்டும் தோற்றம் பற்றி முதலில் கவுன்சிலின் ஒப்புதல் வாங்க வேண்டும்.

ஹாரோவில் நாங்கள் இருப்பது கன்சர்வேஷன் ஏரியா. தெருவைப் பார்த்த கூரையில்தான் வெயில். பக்கத்து வீட்டுக்காரர், போட்டால் கவுன்சில் வந்து கழற்ற வைக்கும் என்கிறார்.

அவர் சொல்வது சுவருக்குப் பொருந்தும், கூரைக்குப் பொருந்தாது. கன்சர்வேஷன் ஏரியாவில் தெருவைப் பார்த்த சுவரில் பேனல் மாட்ட அனுமதி தேவை. சாய்வுக் கூரை என்றால் முன்பக்கமும் பொது அனுமதிக்குள்தான் வரும். ஆனால் அத்தோடு கிளம்பிவிடாதீர்கள். ஆர்ட்டிக்கிள் 4 என்று ஓர் உத்தரவு இருக்கிறது, சில தெருக்களுக்கு மட்டும் இந்தப் பொது அனுமதியைக் கவுன்சில் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழி அது. உங்கள் தெருவுக்கு அப்படி ஒன்று போட்டிருக்கிறார்களா, போட்டிருந்தால் அதில் சோலார் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் சில உத்தரவுகள் ஜன்னல், கதவு மாற்றுவதோடு நின்றுவிடும். கவுன்சில் இணையதளத்தில் வரைபடமே இருக்கும். எனக்குத் தெரிந்து ஆட்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கென்ட்டில் பழைய வீடு ஒன்று வாங்கினோம், கிரேடு 2 லிஸ்டட் (பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் உள்ளது). பின்பக்கம் யாருக்கும் தெரியாது, அங்கே போடலாமா?

தெரிகிறதா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை. லிஸ்டட் கட்டடத்தில் அந்தப் பொது அனுமதியை மட்டும் நம்பி இறங்க முடியாது, லிஸ்டட் பில்டிங் கன்சென்ட் என்ற தனி ஒப்புதல் வேண்டும், பிளானிங் பெர்மிஷனும் தேவைப்படலாம். கன்சென்ட்டுக்குக் கட்டணம் இல்லை. அது இல்லாமல் வேலை செய்தால் கிரிமினல் குற்றம், அபராதத்தோடு போய்விடும் என்று நினைக்காதீர்கள். முதலில் கவுன்சிலின் கன்சர்வேஷன் அதிகாரியிடம் பேசுங்கள் அக்கா, அப்புறம் விலை கேளுங்கள்.

கிராய்டனில் மேல்மாடி ஃபிளாட். கூரை எங்கள் தலைக்கு மேலேதானே?

தலைக்கு மேலே இருந்தாலும் உங்களுடையதாக இருக்க வேண்டுமே. பிளானிங் சட்டம் அடுக்குமாடியையும் அனுமதிக்கிறது, ஆனால் லீஸ்ஹோல்டு (நீண்ட காலக் குத்தகை) ஃபிளாட்டில் கூரை பொதுவாக ஃப்ரீஹோல்டருக்கு, அதாவது முழுக் கட்டடத்தின் உரிமையாளருக்குச் சொந்தம். அவரது எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் ஓர் ஆணி கூட அடிக்க முடியாது. லீஸ் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.

வாசலுக்கு வந்த ஒருவர் 'இது கவுன்சில் அப்ரூவ் பண்ணின திட்டம், இன்று கையெழுத்து போட்டால்தான் இந்த விலை' என்றார். நம்பலாமா?

இன்றே கையெழுத்து என்றாலே கதவைச் சாத்துங்கள். சில கவுன்சில்கள் கூட்டாக வாங்கும் திட்டம் நடத்துவது உண்மைதான், அப்படி ஒன்று இருந்தால் கவுன்சிலுக்கே போன் செய்து உறுதிப்படுத்தலாம். நீங்கள் கேட்க வேண்டியது எம்சிஎஸ் (சோலார் பொருத்துகிறவர்களுக்கான தரச் சான்றுத் திட்டம்) பதிவு இருக்கிறதா என்று. அந்தச் சான்றிதழ் இல்லாமல் மிஞ்சிய மின்சாரத்தை விற்கப் போனால் பெரும்பாலான மின்சார நிறுவனங்கள் திருப்பி அனுப்பிவிடும். அப்புறம் வாட் வரி: ஆள் வைத்துப் பொருத்தினால் 2027 மார்ச் 31 வரை பூஜ்யம், பேனலை மட்டும் கடையில் வாங்கி நீங்களே மாட்டினால் 20 சதவீதம்.

கவுன்சில் வேண்டாம் என்றால் வேறு யாரிடமும் கேட்க வேண்டாமா?

இதை யாருமே கேட்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கவுன்சிலை நினைத்துப் பயப்படுகிற அளவுக்கு டிஎன்ஓவை யாரும் நினைப்பதில்லை. டிஎன்ஓ என்பது உங்களுக்கு பில் அனுப்புகிற கம்பெனி இல்லை, தெருவில் கேபிள் வைத்திருக்கிற நிறுவனம், லண்டனில் பல இடங்களில் யூகே பவர் நெட்வொர்க்ஸ். இன்வெர்ட்டர் (பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி) ஒரு ஃபேஸுக்கு 16 ஆம்பியருக்குள், அதாவது 3.68 கிலோவாட்டுக்குள் இருந்தால் ஜி98 என்ற விதி: போட்டுவிட்டு 28 நாளுக்குள் தெரிவித்தால் போதும். கணக்கு இன்வெர்ட்டருக்குத்தான், கூரையில் எத்தனை பேனல் என்பதற்கில்லை. அதைத் தாண்டினால் ஜி99, வேலை தொடங்கும் முன்பே அனுமதி வாங்க வேண்டும், பதில் வர 45 வேலை நாள் கூட ஆகலாம், வெளியே இவ்வளவுக்கு மேல் அனுப்பாதே என்று வரம்பும் போடலாம். பேட்டரிக்குத் தனி இன்வெர்ட்டர் வைத்தால் அதையும் சேர்த்துக் கூட்டுவார்கள். பெரிய சிஸ்டத்தை வாங்கி வைத்துவிட்டு விண்ணப்பிப்பது தலைகீழ் வேலை.

இதோடு பில்டிங் ரெகுலேஷனும் உண்டு. கூரை எடை தாங்குமா, வயரிங் சரியா என்பது. பொருத்துகிறவர் உரிய திட்டத்தில் பதிவானவராக இருந்தால் அவரே சான்றளிப்பார், கவுன்சிலுக்கு நீங்கள் தனியாகப் போக வேண்டாம். தாளை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

வீட்டை விற்கும்போது வக்கீல் பிளானிங் தாள் கேட்டால்?

எம்சிஎஸ் சான்றிதழ், பில்டிங் ரெகுலேஷன் தாள், டிஎன்ஓ கடிதம் மூன்றும் இருந்தால் பொதுவாகப் போதும். மனசு கேட்கவில்லை என்றால் லாஃபுல் டெவலப்மென்ட் சர்டிஃபிகேட் (வேலை சட்டப்படி சரி என்று கவுன்சில் தரும் சான்று) வாங்கலாம், கட்டாயம் இல்லை. இதற்கு வீட்டு பிளானிங் விண்ணப்பக் கட்டணத்தில் பாதி; அந்தக் கட்டணம் 2025 ஏப்ரலில் 528 பவுண்டுக்கு ஏறியது. சாதாரண டெரஸ் வீட்டுக்கு நான் செலவழிக்க மாட்டேன். ஆர்ட்டிக்கிள் 4 சந்தேகம் இருந்தால் செலவழிப்பேன்.

பக்கத்து வீட்டில் மாடி எழுப்பப் போகிறார்கள். எங்கள் பேனலில் நிழல் விழும். கவுன்சில் கேட்குமா?

கேட்டே ஆக வேண்டும். ரோச்செஸ்டரில் ஒருவருக்கு இதே நிலை, அது உங்கள் சொந்த நலன், பிளானிங் விஷயம் இல்லை என்று மெட்வே கவுன்சில் ஒதுக்கியது. 2019இல் உயர் நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. அதற்காகக் கவுன்சில் விண்ணப்பத்தை நிராகரித்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை, நிழலை எடைபோட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆட்சேபத்தில் எவ்வளவு யூனிட் குறையும் என்று கணக்கோடு எழுதுங்கள். அவர்கள் கட்டுவது விண்ணப்பமே தேவைப்படாத வகை என்றால் இந்தத் தீர்ப்பு உங்களுக்கு உதவாது.

பேட்டரியை லாஃப்டில் (கூரைக்கு அடியில் உள்ள இடம்) வைக்கலாமா?

வேண்டாம். 2024இல் வந்த, வீட்டு பேட்டரிகளுக்கான பிஏஎஸ் (PAS) 63100 என்ற வழிகாட்டி லாஃப்ட், படுக்கையறை, படிக்கட்டுப் பக்கம் எல்லாம் கூடாது என்கிறது. சட்டம் இல்லைதான், ஆனால் தீ விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் எடுத்துப் படிப்பார்.

சாரம் கட்ட அனுமதி வேண்டுமா?

உங்கள் தோட்டத்துக்குள் நின்றால் வேண்டாம். ஒரு கால் நடைபாதையில் ஊன்றினாலும் கவுன்சிலின் நெடுஞ்சாலைப் பிரிவில் லைசென்ஸ் வாங்க வேண்டும். அது சாரம் கட்டுகிறவர் எடுக்க வேண்டியது. கட்டணம் கொட்டேஷனில் சேர்ந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், வாசல் நேராக நடைபாதையில் திறக்கிற டெரஸ் வீடுகளில் அதைத் தவிர்க்க முடியாது.